பனைத் தோட்டத்தில் கண் எங்கே போக வேண்டும்?

தாவர ஆர்வலர் குழு ஒன்றோடு, தனியார் ஒருவர் வளர்த்திருக்கும் வெப்பமண்டலப் பனைத் தோட்டத்தைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முன் போன தோட்டத்தில் வரிசையாக மரங்களைக் காட்டிக்கொண்டே போனார்கள், திரும்பி வந்து படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன, பெயர்ப் பலகையைத் தவிர எதுவும் மனத்தில் நிற்கவில்லை என்பது உங்கள் குறை. கூடவே மூன்று துணைக் கேள்விகள்: பலகையிலுள்ள பெயரை நம்பலாமா, மரத்தின் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா, கீழே கிடக்கும் விதையை எடுத்துக்கொள்ளலாமா. எந்தெந்த அபூர்வ மரங்களைத் தவறவிடக் கூடாது என்று கேட்பதுபோலத் தோன்றினாலும், உங்களுக்கு வேண்டியது மரங்களின் பட்டியல் அல்ல, ஒரு மரத்தின் முன் நிற்கும்போது எதை முதலில் பார்ப்பது என்ற பழக்கம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். தாவர வகைப்பாட்டில் பயிற்சி பெற்று, பனையினத் தொகுப்புகளின் பெயர்களைச் சரிபார்க்கும் வேலையில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உரம், நோய் பற்றி நான் சொல்பவற்றை மட்டும் அந்தத் தோட்டத்தை நாள்தோறும் பார்க்கிறவர் சொல்வதற்கு அடுத்தபடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்; மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே வரும். தென்னை, கமுகு, ஈச்சை எல்லாம் அடங்கிய பனைக் குடும்பத்தில் ஏறக்குறைய 180 பேரினங்களும் 2,600 சிற்றினங்களும் உள்ளன. தோற்றத்தில் அவை எவ்வளவு வேறுபட்டாலும், ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்நுனிதான். அது உச்சியில், குருத்துக்கு அடியில், மட்டைகளுக்குள் பொதிந்திருக்கிறது. அது அழிந்தால் அந்தத் தண்டும் அழியும். வெட்டுப்பட்ட வேம்பு வேறோர் இடத்தில் துளிர்த்துப் பிழைப்பதுபோல் ஒற்றைத் தண்டுப் பனையினம் பிழைப்பதில்லை. அடுத்து, மற்ற மரங்களில் பட்டைக்கு அடியிலிருந்து ஆண்டுதோறும் புதுக் கட்டையை உண்டாக்கும் படலம் பனையினங்களில் கிடையாது. ஆகவே ஆண்டு வளையம் இல்லை, காயத்தை மூடி வளரும் பட்டையும் இல்லை. யாரோ ஒருவர் பெயர்ப் பலகைக்காக அடித்த ஆணியின் துளை, மண்வெட்டி பட்ட தழும்பு, ஏணி சாய்த்த இடத்தில் விழுந்த பள்ளம், எல்லாமே மரத்தின் ஆயுள் வரைக்கும் அங்கேயே இருக்கும். தோட்டக்காரர்கள் பலகையைக் கம்பியில் கட்டித் தரையில் நட்டுவைப்பது அழகுக்காக மட்டுமல்ல.

இதன் மறுபக்கம் பார்வையாளருக்கு வசதியானது. அடிமரத்தின் ஒவ்வோர் அடியும் எந்த நிலையில் உருவானதோ ஏறக்குறைய அதே நிலையில் நின்றுவிடுவதால், அடிமரம் அந்த மரத்தின் வரவு செலவு ஏடு. பருமனாக வந்த தண்டு நடுவில் இடுங்கி மறுபடி பருத்திருந்தால், அந்த இடுக்கம் உருவான காலத்தில் தண்ணீரோ சத்தோ குறைந்திருக்கிறது, அல்லது மரத்தை இடம் பெயர்த்து நட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மட்டை விழுந்த தழும்புகள் நெருக்கமாக இருந்தால் உயர வளர்ச்சி மெதுவாக இருந்த காலம். தள்ளித் தள்ளி இருந்தால் விறுவிறுவென்று ஏறிய காலம், அல்லது நிழலில் வெளிச்சம் தேடி நீண்ட காலம். இடுக்கம் இருக்கிறது என்பது உறுதி, காரணம் ஊகம். உரிமையாளரிடம் "இந்த உயரத்தில் இருந்தபோது மரத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு அநேகமாக ஒரு நல்ல கதை கிடைக்கும். பாட்டில் பனை என்று விற்கப்படும் ஹையோஃபோர்பி லாஜெனிகாலிஸ் போன்றவற்றில் அடி பருத்திருப்பது இயல்பான வடிவம். அதை வரலாறாகப் படித்துவிடக் கூடாது.

வயதைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தழும்புகளை எண்ணி, அந்த இனம் ஆண்டுக்கு எத்தனை ஓலை விடும் என்பதால் வகுத்தால் ஒரு மதிப்பீடு வரும். நன்றாகப் பராமரிக்கப்படும் வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று என்ற கணக்கில் ஓலை விடுவதால் அதில் இது ஓரளவு செல்லுபடியாகும். ஆனால் நிழலும் வறட்சியும் அந்த வேகத்தை மாற்றிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பனையினக் கன்று உயர ஏறுவதற்கு முன் தரைமட்டத்திலேயே தன் தண்டின் முழுப் பருமனையும் உருவாக்கிக்கொள்ள வேண்டியிருப்பது. பின்னால் தடிக்க முடியாத மரம் முன்கூட்டியே தடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். பெரிய இனங்களில் இந்தக் கட்டம் பல ஆண்டுகள் நீளும். அந்த ஆண்டுகள் எந்தத் தழும்பிலும் தெரியாது. தோட்டத்தில் பெரிய பெரிய ஓலைகளோடு, ஆனால் அடிமரமே இல்லாமல் மண்ணிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு செடியைப் பார்த்து "இது இன்னும் சின்னதுதானே" என்று யாரேனும் சொல்வார்கள். பக்கத்தில் உயர்ந்து நிற்கும் மரத்தைவிட அது மூத்ததாக இருக்கக்கூடும். உறுதியான வயதுக்கு ஆதாரம் நட்ட தேதி எழுதிய குறிப்பேடு மட்டுமே.

இனி, எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது என்ற முதன்மைச் சிக்கலுக்கு வருகிறேன். அனைவரும் மரத்தின் கொண்டையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் இதற்குக் காரணம். தொலைவிலிருந்து தெரியும் கொண்டை மிகக் குறைவாகவே சொல்லும். மட்டையின் அடி மிக அதிகமாகச் சொல்லும். ஆகவே முதலில் மட்டை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கமுகிலும் ராயல் பனை எனப்படும் ராய்ஸ்டோனியாவிலும் மட்டையடிகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி, தண்டின் உச்சியில் வழவழப்பான பச்சைக் குழலாக நிற்கின்றன. ஆர்வலர்கள் இதைத்தான் கிரவுன்ஷாஃப்ட் என்கிறார்கள். சிர்டோஸ்டாகிஸ் ரெண்டாவில் இந்தக் குழல் பளிச்சென்ற சிவப்பு. அதனால்தான் அதற்கு லிப்ஸ்டிக் பனை என்று பெயர். தென்னையில் குழல் இல்லை, மட்டையடியைச் சுற்றிப் பன்னாடைதான் இருக்கிறது. பனைமரத்தில் மட்டையின் இரு ஓரமும் கருக்காக, அரம்பப் பல்லோடு இருக்கும். அடிப்பகுதி நடுவில் பிளந்திருக்கும். ஈச்சையில் ஓலையின் அடிப்பக்கத்துச் சிற்றிலைகளே முள்ளாக மாறியிருக்கின்றன. குழலா, பன்னாடையா, கருக்கா, முள்ளா என்று மட்டும் குறித்துக்கொண்டு போனாலே பாதி மரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது, ஓலை மடிந்திருக்கும் விதம். பார்வையாளர்களில் பெரும்பாலோர் கவனிக்காத, ஆனால் வகைப்பாட்டில் மிகுந்த மதிப்புள்ள அடையாளம் இது. உரிமையாளர் அனுமதித்தால் தாழ்ந்து தொங்கும் ஓலை ஒன்றில், ஒரு சிற்றிலை நடுத்தண்டோடு சேரும் இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். தென்னையில் அந்த இடம் கூரை மடிப்பாகக் கவிழ்ந்திருக்கும். ஈர்க்கு மேலே முகடாக நிற்கும், மழைத்துளி விழுந்தால் இரு பக்கமும் வழியும். ஈச்சையில் அதே இடம் வாய்க்காலாக மேல்நோக்கித் திறந்திருக்கும். ஈர்க்கு அடியில் கிடக்கும், துளி உள்ளே தங்கும். இறகு வடிவ ஓலையுள்ள இனங்களில் மிகப் பெரும்பான்மை தென்னையின் பக்கம். ஈச்சைப் பேரினமும், கூந்தற்பனையின் பேரினமான காரியோட்டாவும், அரெங்கா என்ற பேரினமும் மறுபக்கம். விசிறி ஓலை இனங்கள் பெரும்பாலும் வாய்க்கால் மடிப்பு உடையவை. பலகை விழுந்துபோன, பூவோ காயோ இல்லாத ஒரு மரத்தின் அடியில் நின்று விரல் நுனியால் தடவிப் பார்த்தே "இது தென்னையின் பக்கம் அல்ல, ஈச்சையின் பக்கம், அதில் ஐயமில்லை" என்று சொல்லிவிட முடிவது இந்த மடிப்பால்தான். ஓலை வடிவத்தில் இன்னும் இரண்டு விதிவிலக்குகள் கண்ணில் படலாம். காரியோட்டாவின் ஓலை இருமுறை பிரிந்து, ஒவ்வொரு துண்டும் மீன் வால் வடிவில் ஓரம் கிழிந்திருக்கும். ஜொஹானஸ்டைஸ்மானியாவில் ஓலை பிரியவே பிரியாமல், ஆள் உயரத்துக்கும் மேலாக ஒற்றை இலையாக நிற்கும். எந்த இனமானாலும் கன்றின் முதல் சில ஓலைகள் வளர்ந்த மரத்தின் ஓலைகளைப்போல் இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தொட்டியிலிருக்கும் கன்றுக்குப் பெயர் சொல்லச் சொன்னால் அனுபவசாலிகளும் தயங்குவார்கள், தயங்கத்தான் வேண்டும்.

மூன்றாவதாகப் பாளை. அது மட்டைகளுக்கு நடுவிலிருந்து வருகிறதா, குழலுக்குக் கீழே வெறும் தண்டிலிருந்து வருகிறதா, உச்சியிலிருந்தே எழுகிறதா என்று பாருங்கள். தென்னையில் மட்டைக் கக்கத்தில் வருகிறது. கமுகில் கீழ் மட்டை விழுந்த பிறகு, குழலுக்கு அடியில் வெளிப்படுகிறது. தாளிப்பனையில் உச்சியில் எழுகிறது. 30 முதல் 80 ஆண்டு வரை வளர்ந்து, ஒரே ஒருமுறை 6 முதல் 8 மீட்டர் உயரப் பூங்கொத்தை எழுப்பி, கோடிக்கணக்கில் பூத்து, காய் முற்றியதும் மரம் பட்டுப்போகிறது. கிளைத்த பூங்கொத்துகளில் தாவர உலகிலேயே மிகப் பெரியது இதுதான். காரியோட்டாவின் முறை வேறு: முதல் பாளை உச்சியில் தோன்றும், அடுத்தடுத்த பாளைகள் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே வரும், கடைசிப் பாளை காய்த்ததும் அந்தத் தண்டின் கதை முடியும். எனவே பாளை நிற்கும் உயரத்தைப் பார்த்தே அந்தத் தண்டுக்கு எவ்வளவு வாழ்வு மிச்சம் என்று ஓரளவு சொல்லலாம். மடகாஸ்கரில் கண்டறியப்பட்டு 2008இல்தான் அறிவியல் பெயர் பெற்ற தஹினா ஸ்பெக்டாபிலிஸும் இப்படி ஒருமுறை பூத்து மடியும் இனமே. தனியார் தோட்டங்களில் இதன் கன்றுகளைப் பார்க்க வாய்ப்புண்டு. பனைமரம், ஈச்சை, சைஷெல்ஸ் தீவுகளின் லொடோய்சியா போன்றவற்றில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள் என்பதால், தோட்டத்தில் எது எது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. விதையைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

பெயர்ப் பலகையை நம்பலாமா என்றால், பேரினம் வரைக்கும் பெரும்பாலும் நம்பலாம், சிற்றினத்தை எச்சரிக்கையோடு நம்பலாம் என்பது என் விடை. தனியார் தொகுப்புகளில் இருக்கும் மரங்களில் பெரும்பகுதி விதையாக வாங்கப்பட்டவை. விதை கைமாறும்போது என்ன பெயர் சொல்லப்பட்டதோ அதுவே பலகையில் ஏறுகிறது, மரம் பூக்கும் வரை யாரும் சரிபார்ப்பதில்லை. ஈச்சைப் பேரினத்து இனங்கள் அருகருகே நின்றால் எளிதாகக் கலந்துவிடும் என்பதால், தோட்டத்தில் விளைந்த ஈச்சை விதையிலிருந்து வந்த கன்றைத் தூய இனம் என்று உறுதி கூற முடியாது. கொலம்பியாவின் ஆண்டிஸ் மலைகளில், குளிர்ந்த உயரங்களில் 60 மீட்டர் வரை வளரும் செரோக்ஸிலான் குவிண்டியுயென்ஸியின் பெயர் வெப்பமான தாழ்நிலத் தோட்டமொன்றின் பலகையில் இருந்தால், முதலில் பலகையைத்தான் சந்தேகிப்பேன். மறுபுறம், பழைய பெயர் இருப்பதைப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது. மடகாஸ்கரின் டிப்ஸிஸ் பேரினத்திலிருந்த பல இனங்கள் 2022இல் கிரைசலிடோகார்பஸ் என்ற பழைய பேரினத்துக்கே திரும்பிவிட்டன. கடைகளில் அரீக்கா பனை என்று விற்கப்படும் தொட்டிச் செடியும் அவற்றில் ஒன்று. பலகையை மாற்றாத உரிமையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு போலிகளையும் பார்ப்பீர்கள்: சைகஸ், பயணியர் பனை எனப்படும் ராவனாலா, பனாமா தொப்பி முடையும் கார்லுடோவிகா ஆகிய மூன்றும் பனைத் தோட்டங்களில் அடிக்கடி நிற்கும், மூன்றும் பனைக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சாக்ராட்டியா என்ற பனையினத்தின், தரைக்கு மேலே தெரியும் முட்டுக்கொடுத்த வேர்களைக் காட்டி, மரம் நடந்து நடந்து வெளிச்சத்துக்குப் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். வேர்கள் புதிதாக முளைப்பதும் பழையவை அழிவதும் உண்மை, மரம் இடம் மாறுவதற்குக் கள ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

மஞ்சள் ஓலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் குழுவில் ஒருவராவது அதைச் சுட்டிக்காட்டி உரிமையாளரைச் சங்கடப்படுத்துவார். குறை அடி ஓலைகளில் தெரிகிறதா, குருத்தில் தெரிகிறதா என்பதே முதல் கேள்வி. அடி ஓலைகளில் ஆரஞ்சுப் புள்ளிகளும் கருகிய நுனிகளும் இருந்தால் பொட்டாசியம் குறைவு என்று நினைக்கலாம்; அந்த ஓலைகளிலிருந்து சத்தை உறிஞ்சித்தான் மரம் புது ஓலைகளை வளர்க்கிறது, ஆகவே பார்வைக்கு நன்றாக இல்லை என்று அவற்றை வெட்டிவிடுவது குறையைக் கூட்டும். மஞ்சள் ஓலையை விட்டுவைத்திருப்பது பெரும்பாலும் சோம்பலின் அடையாளம் அல்ல, அறிவின் அடையாளம். குருத்தே சுருங்கிக் கருகி வந்தால் மாங்கனீசுக் குறைவு முதல் வளர்நுனி அழுகல் வரை பல காரணங்கள் இருக்கலாம். ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

சுற்றும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றில் மூன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கத்தி, கத்தரிக்கோலைக் கொண்டுபோகாதீர்கள். கேனரித் தீவு ஈச்சையைக் கொல்லும் ஃபுசேரியம் வாடல் நோய் வெட்டும் கருவிகளின் வழியாக மரத்துக்கு மரம் பரவுகிறது, எனவே விவரம் தெரிந்த உரிமையாளர் வெளியார் கருவியைக் கண்டாலே முகம் சுளிப்பார். காலணியின் மண்ணைத் தட்டிக் கழுவிவிட்டுப் போங்கள். வேர் அழுகல் பூஞ்சைகள் மண்ணோடு வரும். பிரம்பு இனங்களுக்கு அருகில் போகும்போது பார்த்துப் போங்கள், அவற்றின் நீண்ட சாட்டைகளில் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் உண்டு. மாட்டிக்கொண்டால் முன்னோக்கி இழுக்காமல் இரண்டடி பின்வாங்கினால் தானாக விடுபடும். படம் எடுப்பதற்கும் ஒரு வரிசை வைத்துக்கொண்டால் திரும்பி வந்து குழம்ப மாட்டீர்கள்: முதலில் பலகை, பிறகு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க முழு மரம், பிறகு மட்டையடி, சிற்றிலை மடிப்பு, பாளை அல்லது காய். ஆள் நிற்காத படத்தில் ஒரு மீட்டர் ஓலைக்கும் பத்து மீட்டர் ஓலைக்கும் வேறுபாடு தெரியாது. அரிய மரங்களின் படங்களை இடக் குறிப்போடு வெளியிடும் முன் உரிமையாளரைக் கேளுங்கள்; கன்றுகள் திருட்டுப் போவது தொகுப்பாளர்கள் உண்மையிலேயே அஞ்சுகிற ஒன்று.

கடைசியாக விதை. கீழே கிடக்கிறது என்பதால் அது பொதுச் சொத்து ஆகிவிடாது. உரிமையாளர் அதை எண்ணிவைத்திருக்கலாம், வேறொருவருக்குச் சொல்லியும் வைத்திருக்கலாம். கேட்டால் பெரும்பாலோர் மனமுவந்து தருவார்கள். காட்டில் அருகிப்போன சில இனங்கள் இப்படிக் கைமாறித்தான் தோட்டங்களில் பெருகியிருக்கின்றன. மேலே சொன்ன பாட்டில் பனை, மொரீஷியஸை அடுத்த ரவுண்ட் தீவில் ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தது. இன்று வெப்பமண்டலத் தோட்டங்களில் சாதாரணமாக நிற்கிறது. அதே பேரினத்து ஹையோஃபோர்பி அமரிகாலிஸில் எஞ்சியிருப்பது மொரீஷியஸின் கியூர்பிப் தாவரவியல் பூங்காவிலுள்ள ஒற்றை மரம் மட்டுமே. ஆனால் தோட்டத்து விதை காட்டு விதைக்கு ஈடு என்று சொல்ல முடியாது, கலப்பு நேர்ந்திருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. சைஷெல்ஸ் தீவுகளின் லொடோய்சியா விதை 20 கிலோவுக்கு மேலும் எடை போகக்கூடியது, உலகிலேயே பெரிய விதை. அதன் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைடிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வேறு எந்த விதையானாலும் நாட்டு எல்லையைக் கடக்கும்போது நோயும் பூச்சியும் இல்லை என்று காட்டும் தாவரத் தூய்மைச் சான்று கேட்கப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால், காரியோட்டா, அரெங்கா பழங்களை வெறுங்கையால் பிசையாதீர்கள். சதையிலுள்ள ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும். கையுறை போட்டு, தண்ணீரில் அலசிச் சதையை நீக்குங்கள். காய்கறி விதையைப்போல் வெயிலில் காயவைத்து உறையில் போட்டுவைத்தால் பெரும்பாலான வெப்பமண்டலப் பனையினங்களின் விதை செத்துவிடும்; பிழிந்த ஈரமுள்ள தேங்காய் நார்த்தூளோடு பையில் கட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். சில இனங்கள் சில வாரங்களில் முளைக்கும், சில ஓராண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். ஆகவே அழுகாமல் கெட்டியாக இருக்கும் விதையை அவசரப்பட்டு எறிந்துவிட வேண்டாம். பைக்குள் ஒரு சீட்டில் தாய்மரத்தின் பலகைப் பெயரை அப்படியே, பழைய பெயரானாலும் திருத்தாமல், எழுதுங்கள். எடுத்த நாளையும், அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு மரங்கள் அந்தத் தோட்டத்தில் பூத்துக்கொண்டிருந்தனவா என்பதையும் அதன் கீழே குறித்துவையுங்கள். கன்று வளர்ந்து பெயரில் ஐயம் வரும்போது அதைத் தீர்த்துவைக்கக் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான்.